நல்லசாமி ஓட்டுன லாரி

இல்ல தம்பி, அந்தத் தாளுங்கள இப்பவே கட்டி வெக்காதீங்க. சிரம்பான் போற வேனு ஸ்டோர்ல ரப்பர் பால ஏத்திக்கிட்டுத்தான் வரும், இன்னும் ஒரு மணி நேரமாச்சும் ஆவும். இப்படி வராந்தாவுல உக்காருங்க. ஒண்ணும் பெரிய சங்கதி இல்ல, மொத நாளு நான் சொன்னத ஒரு வரி எழுதிக்கிட்டீங்களே, அத அடிச்சிருங்கன்னு சொல்லலாம்னுதான் வந்தேன். எதுவா? அதான் தம்பி, எங்காளுங்களுக்கு முன்னுக்கு வரணுங்கற துடிப்பே கெடயாது, வகுறு நெறஞ்சா படுத்துக்குவாங்கன்னு சொன்னேனே. நல்லா சொன்னீங்க மண்டோரேன்னு அடியில கோடுகூட போட்டீங்க. ரெண்டு கோடு. அதப் பாத்ததுலேருந்து எனக்கு மனசு சரியில்ல.

நீங்க சொன்னது புரியாம இல்ல. மூணு நாளா கூடவே உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். ஒரு சனத்துக்கு ஜெயிக்கணும், ஒசரணுங்கற நெனப்பு ஊறிக் கெடந்தா, அந்த நாடு தானா பணங்காசுல ஒசரும். இல்லாட்டி எந்தக் கவர்மெண்டு வந்தாலும் கெடந்த எடத்துலயே கெடக்கும். அந்த நெனப்ப அளக்கணும்னா கத கேக்கணும். படத்தக் காட்டி, இவன் யாரு, என்ன நெனக்கிறான், இனிமே என்ன ஆவான்னு கேட்டா, சொல்றவன் மனசுல இருக்கறது கதயில வெளிய வந்துரும். சரிதானே? மெர்டேக்கான்னு சொதந்தரம் கெடச்சு ரெண்டு வருசம் ஆச்சு, இனிமே யாரு முன்னேறுவா, யாரு தேங்கிப் போவான்னு பாக்கணும்னு உங்க ப்ரொபசர் அனுப்பியிருக்காரு. நல்ல வேலதான். தப்புன்னு சொல்லல.

சீனனுங்க குடியிருக்கற கம்பத்துல கேட்டீங்க. அங்க அந்தப் படத்துல இருக்கறவன் கட போட்டான், ரெண்டாவது கட போட்டான், மவன டாக்டராக்குனான். எங்க லயத்துக்கு வந்தீங்க. மேசயில உக்காந்து சன்னலப் பாத்துக்கிட்டிருக்கற ஆளு படம். முனியாண்டி என்ன சொன்னாரு? இவரு தொரையப் பாக்கக் காத்துக்கிட்டிருக்காருங்க. சரி, இனிமே என்ன ஆவாரு? என்ன ஆவாரு, தொரை வந்தா பாத்துட்டு வீட்டுக்குப் போயி சோறு திம்பாரு. தாயம்மாகிட்ட கேட்டீங்க. பாவம், புள்ளைக்குக் காச்ச போலருக்கு, மொகத்தப் பாத்தாலே தெரியுதுன்னுச்சு. நீங்க பென்சிலக் கீழ வெச்சுட்டு என்னையப் பாத்தீங்க. அப்ப மொதல்ல சிரிச்சது நான்தான். அதையும் நெனச்சுக்கிட்டேன் ராத்திரி பூரா.

நேத்து மத்தியானம் நீலாவதி வந்துச்சே, கவனம் இருக்கா? ஒல்லியா, பல்லு கொஞ்சம் எடுப்பா இருக்கும். ஒரு ஆளு மெசினுகிட்ட குனிஞ்சு நிக்கிற படத்த அதுகிட்ட குடுத்தீங்க. எவ்வளவு நேரம் பாத்துச்சு. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, கிட்ட கொண்டு போயி, தள்ளி வெச்சு. நீங்க கடிகாரத்தப் பாத்தீங்க. அப்புறம் அது நிமிந்து என்னையப் பாத்துச்சு. பாத்துட்டு, எனக்கு ஒண்ணும் தெரியலைங்க தம்பின்னுட்டு படத்தத் திருப்பிக் குடுத்துருச்சு. நீங்க அந்தத் தாள்ல ஒரு முட்டையப் போட்டீங்க. அந்த முட்ட அதோடது இல்ல தம்பி. அதத்தான் சொல்ல வந்தேன்.

அது புருசன் பேரு நல்லசாமி. நானும் அவனும் ஒரே கப்பல்ல வந்தவங்க. முசிறிப் பக்கம் பக்கத்துப் பக்கத்து ஊரு. இங்க ஒரே லயத்துல இருந்தோம், ஒரே நெரையில பாலுக்கு ரப்பர் மரம் வெட்டுனோம். ஜப்பான்காரன் சயாமுக்கு ரயிலு போடப் புடிச்சிட்டுப் போனப்பயும் ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் புடிச்சான். இந்தத் தோட்டத்துலேருந்து அறுவத்தெட்டு பேரு போனாங்க. திரும்பி வந்தது பதினோரு பேரு. அதுல நாங்க ரெண்டு பேரு. வந்த கொஞ்ச நாள்ல என்னைய மண்டோர் ஆக்கிட்டாங்க, ஆளு பத்தலன்னு. நான் அதுலயே பெருமப்பட்டுக்கிட்டு இருந்தேன். காலையில பெரட்டுக் களத்துல நின்னு பேரு கூப்புட்டு, ஒன்னைய இந்த நெரைக்கு, ஒன்னைய அந்த நெரைக்குன்னு வேல பிரிக்கிறது. இருநூறு பேரு வாயத் தொறக்காம நிப்பாங்க. அது ஒரு போத தம்பி.

நல்லசாமிக்கு வேற போத. ஜப்பான்காரன் ஓடறப்ப ஆத்தோரப் பள்ளத்துல ஒரு லாரியத் தள்ளிட்டுப் போயிருந்தான். சேத்துல பாதி, செடி மொளச்சு பாதி. பயலுவ அதுல ஏறி வெளயாடுவானுங்க. இவன் ஒரு நாளு தொரைகிட்ட போயி, அத நான் எடுத்துக்கவான்னு கேட்டான். தொரை சிரிச்சாரு, எடுத்துக்கன்னுட்டாரு. மத்தியானம் பால் குடுத்துட்டு வந்து, சாப்புட்டுட்டு, நேரா அந்தப் பள்ளத்துக்குத்தான். ஒவ்வொரு சாமானா கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, கோணியில பரத்தி வெப்பான். ஞாயித்துக்கெழம தெமியாங்ல ஒரு சீனன் வெச்சிருந்த பழைய இரும்புக் கடைக்குப் போயி, சம்பளமில்லாம வேல செய்வான். கூலிக்குப் பதிலா அங்க கெடக்குற சாமான எடுத்துக்குவான். சாமான் பேரெல்லாம் அவனுக்குச் சீனத்துலதான் தெரியும். தமிழ்ல கேட்டா முழிப்பான்.

ரெண்டு வருசமும் நாலு மாசமும் தம்பி. நான் என்ன பண்ணேன்? பெரட்டுல எல்லாருக்கும் முன்னாடி, என்ன நல்லசாமி, இரும்புப் புள்ள எப்ப பொறக்கும்னு கேப்பேன். சனம் சிரிக்கும். அவனும் சிரிப்பான். ஒரு நாளு என்கிட்ட வந்து, வீரமுத்து, நீயும் சேந்துக்கடா, எனக்கு இஞ்சின் தெரியும், ஒனக்கு ஆளுங்களக் கட்டி மேய்க்கத் தெரியும், ரெண்டு பேரும் ஓட்டலாம்னான். நான் வெத்தலயத் துப்பிட்டு, நமக்கு எதுக்குடா அதெல்லாம்னேன். அந்த வார்த்தய நான் சொன்னப்ப எனக்கு முப்பத்தாறு வயசு. நமக்கு எதுக்கு. நமக்குன்னு சொன்னேன் பாருங்க, எனக்குன்னு சொல்லல.

ஒரு ஞாயித்துக்கெழம காலையில அது ஓடுச்சு. கறும்பொகையக் கக்கிக்கிட்டு, பள்ளத்துலேருந்து தானா ஏறி, லயத்து வாசல்ல வந்து நின்னுச்சு. நாயெல்லாம் ஓடிப்போச்சு. கெழடு கட்டைங்க வந்து தொட்டுப் பாத்தாங்க. நீலாவதி சூடம் கொளுத்திச்சு. நானும் தொட்டுப் பாத்தேன். கொதிச்சுச்சு.

அதுக்கப்புறம் நடந்தத நீங்க எழுதணும். உங்க படத்துல வராதது அது. மொதல்ல வெறகு ஏத்துனான். அப்புறம் ஞாயித்துக்கெழம சனத்த சிரம்பான் பாசாருக்கு ஏத்திக்கிட்டுப் போனான். அதுவரைக்கும் எங்க சனத்துக்கு டவுனுங்கறது தீவாளிக்கு ஒருக்கா போற எடம். வாராவாரம் போவ ஆரம்பிச்சதும் கண்ணு தொறந்துருச்சு. இன்னிக்கு தொரையப் பாக்கக் காத்திருக்காருன்னு கத சொன்னாரே முனியாண்டி, அவரு எண்பது கோழி வளத்தாரு. முட்டைய உமியில அடுக்கி ரஹாங் கடைங்களுக்கு அனுப்புனாரு. ரெண்டு மூணு கடக்காரன் அவரு முட்டதான் வேணும்னு கேப்பான். தாயம்மா தையல் மெசினு வாங்குச்சு. சட்டத் துணிய நேரா வெட்டத் தெரியாது அதுக்கு, ஆனா தச்சுக்கிட்டே கத்துக்கிச்சு. பாரோய்ல ஒரு கடயில அது தச்ச கவுன மாட்டி வெச்சிருந்தாங்க, அதப் பாக்கறதுக்குன்னே ஒரு லாரி சனம் போச்சு. ஆறு புள்ளைங்க இங்கிலீஸ் ஸ்கூலுக்குப் போனுச்சுங்க. லாரியிலதான்.

கிராணி ஒருத்தர் இருந்தாரு, செல்லப்பான்னு. யாழ்ப்பாணத்துக்காரரு, கணக்கு வழக்கெல்லாம் அவருதான். நல்ல மனுசன், ஆனா எங்காளுங்ககூட ஒட்டமாட்டாரு, வீட்டுக்குள்ள விடமாட்டாரு. நல்லசாமி அவருகிட்ட போயி, ஐயா இந்தப் புள்ளைங்க ஸ்கூல்ல முழிக்குதுங்க, சாயங்காலம் கொஞ்சம் சொல்லிக் குடுங்கன்னான். என்ன மாயம் பண்ணானோ, அந்த மனுசன் தன் வீட்டு ஹால்ல பாய் விரிச்சு ஒக்கார வெச்சாரு. அவரு சம்சாரம் அன்னபூரணம்மா கோப்பி போட்டுக் குடுக்கும். அப்படி ஒண்ணு இந்தத் தோட்டத்துல நடக்கும்னு கனாவுலகூட யாரும் நெனச்சதில்ல.

ஒருத்தன் எந்திரிச்சு நின்னான் தம்பி. பக்கத்துல இருந்தவனெல்லாம் நமக்கும் காலு இருக்கேன்னு பாத்துக்கிட்டான். அவ்வளவுதான். சாதியிலயும் ரத்தத்துலயும் இல்லாத ஒண்ணு திடீர்னு எங்கேருந்து வரும்? இருந்துச்சு. எல்லாருகிட்டயும் இருந்துச்சு.

எனக்கா? எனக்கு என்ன ஆச்சுன்னா, பெரட்டுல நான் பேரு கூப்புடறப்ப சனம் என் மொகத்தப் பாக்கறத விட்டுருச்சு. முந்தியெல்லாம் லீவு வேணும்னா, கடுதாசி எழுதணும்னா, புருசன் பொண்டாட்டி சண்டன்னா எங்கிட்டத்தான் வருவாங்க. இப்ப நல்லசாமிகிட்ட போறாங்க. எம் பொண்டாட்டி மங்கம்மாவே ஒரு நாளு, நீங்களும் அவருகூட சேந்திருக்கலாம்னுச்சு. சாதாரணமாத்தான் சொன்னா, பாத்திரம் வெளக்கிக்கிட்டே. நான் ஒரு வாரம் அவகூடப் பேசல.

ரெண்டாவது தடவையும் வந்து கேட்டான் தெரியுமா? இன்னொரு லாரி தெமியாங்ல வெலைக்கு வருது வீரமுத்து, இப்பவாச்சும் வா, மண்டோர் வேலய விடுன்னான். அத்தன பேருக்கு முன்னாடி அவனப் பாத்து நான் சிரிச்சிருக்கேன். ஒரு வார்த்த குத்திக் காட்டல. அதுதான் தாங்க முடியல. குத்திக் காட்டியிருந்தா போயிருப்பேனோ என்னவோ. யோசிக்கிறேன்னு சொன்னேன். யோசிக்கவே இல்ல.

அதுக்குள்ள கம்னிஸ் காலம் வந்துருச்சு. உங்களுக்குப் பேப்பர்ல படிச்சது. எங்களுக்கு ரெண்டு பக்கமும் அடி. காட்டுல பதுங்கியிருக்கற கம்னிஸ்காரன், காட்டுக்காரன்னுதான் சொல்லுவோம், வந்து அரிசி கேப்பான், குடுக்கலன்னா வெட்டுவான். குடுத்தா போலீஸ்காரன், மாத்தா மாத்தாம்போம், அவன் புடிச்சிட்டுப் போவான். பக்கத்துத் தோட்டத்துல ஒரு மண்டோர ரப்பர் மரத்துல கட்டி வெச்சுக் குத்திப் போட்டிருந்தாங்க. நான் போயிப் பாத்தேன். அதுலேருந்து நான் தனியா மரத்தோரம் நிக்கறதில்ல. அம்பத்தொண்ணுல எல்லா லயத்தையும் ஒண்ணாக் கூட்டி, சுத்தி முள்ளுக்கம்பி போட்டாங்க. கேட்டுல சோதன. ரப்பர் வெட்டப் போறவன், காட்டுக்காரனுக்குக் குடுத்துருவான்னு, ஒரு பிடி சோறு கொண்டு போவக் கூடாது, வெறும் வயித்தோட மரம் வெட்டணும். லாரிய நிறுத்தி, சீட்டக் கிழிச்சு, டயரக் குத்திப் பாப்பான். அப்பயும் நல்லசாமி ஓட்டுனான். ஒவ்வொரு கோழி முட்டைக்கும் தாள் எழுதி வாங்கிக்கிட்டு ஓட்டுனான்.

அந்த வருசம் மழ முடிஞ்ச சமயத்துல ஒரு காலையில, பெரட்டுக்கு முன்னாடியே பட்டாளம் வந்து லயத்த வளச்சிருச்சு. எல்லாரும் பந்து வெளயாடுற தெடலுக்கு வாங்கன்னாங்க. பொம்பள, கெழடு, கைப்புள்ள எல்லாரும். தெடல் நடுவுல ஒரு மேச, மேசைக்கிப் பின்னாடி போலீஸ் ஆபீசர், அவருக்குப் பக்கத்துல நாக்காலியில ஒரு ஆளு. தலயிலேருந்து முட்டி வரைக்கும் சாக்கு. கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்ட. ஒவ்வொருத்தரா அந்த ஆளு முன்னாடி வந்து, நின்னு, மூஞ்சியக் காட்டிட்டுப் போவணும். காட்டுக்காரனுக்கு ஒத்தாச பண்றவனா இருந்தா சாக்கு தலய ஆட்டும். ஆட்டுனா அந்தாளு லாரியில ஏறிர வேண்டியதுதான், கோர்ட்டு கெடயாது, சாட்சி கெடயாது. பல எடத்துல அப்படித்தான் பண்ணாங்க.

நான் எங்க நின்னேனா? இருங்க, சொல்றேன்.

இருநூத்துச் சொச்சம் பேரு. வெயிலு ஏறிருச்சு. புள்ளைங்க அந்தச் சாக்கப் பாத்து அழுவுதுங்க. மாசாமாசம் காட்டுக்காரனுக்கு அரிசி குடுத்தவனுங்க ரெண்டு பேரு அந்த வரிசையில இருந்தானுங்க. தோட்டத்துக்கே தெரியும் அது யாருன்னு. பயந்து குடுத்தானுங்க, பாவம். அந்த ரெண்டு பேரும் வந்தானுங்க, நின்னானுங்க, சாக்கு ஆடல. போனானுங்க. முனியாண்டி வந்தாரு, ஆடல. தாயம்மா வந்துச்சு, ஆடல. ஆபீசர் கொட்டாவி விட ஆரம்பிச்சுட்டாரு. நல்லசாமி வந்தான். தோள்ல சின்னப் பொண்ணு, அத எறக்கி நீலாவதிகிட்ட குடுத்துட்டு வந்து நின்னான்.

சாக்கு ஒரு தடவ ஆடுச்சு.

யாருக்கும் புரியல. அவனுக்கே புரியல. ஆபீசரே திரும்பி, இவனாங்கற மாதிரி பாத்தாரு. இன்னொரு தடவ ஆடுச்சு. ரெண்டு மாத்தா மாத்தா வந்து கையப் புடிச்சாங்க. அவன் கத்தல, ஒண்ணும் பண்ணல. திரும்பி நீலாவதிகிட்ட சொன்னான்: பேட்டரியக் கழட்டி வெச்சிரு, மழயில விட்டா கெட்டுப்போவும். அவ்வளவுதான் சொன்னான். சாயங்காலம் வந்துருவோம்னு நெனச்சிருப்பான்.

பதினோரு மாசம் கேம்புல வெச்சிருந்தாங்க. அப்புறம், நீ இந்தியாவுல பொறந்தவன்தானேன்னு கப்பலேத்தி நாகப்பட்டணம் அனுப்பிட்டாங்க. பொண்ணுங்க ரெண்டும் இங்க பொறந்தது. அங்க வந்தா கஞ்சிக்கு வழியில்ல, நான் ஒரு வழி பண்ணிட்டுக் கூப்புடறேன்னு அவனே இருக்கச் சொல்லிட்டான். நீலாவதி அவனோட நெரையிலதான் மரம் வெட்டுச்சு. இன்னும் வெட்டுது.

லாரியா? அப்படியே நின்னுச்சு. ஓட்டத் தெரிஞ்சவன் இருந்தான், ஓட்ட தைரியம் வரல. யாரு ஏறி ஒக்காருவான் அதுல? அடுத்து நம்மள ஆட்டுனா? முனியாண்டி கோழியெல்லாம் வித்துட்டாரு. எண்பது கோழியா, யாருக்கு இவ்வளவு தீனி போடறேன்னு கேட்டா என்ன சொல்றதுன்னாரு. தாயம்மா மெசினு மூடியக்கூட தொறக்கறதில்ல. நாலஞ்சு புள்ளைங்க ஸ்கூல விட்டுருச்சுங்க. ஒருத்தரும் அவங்கள வேணான்னு சொல்லல தம்பி, அடிக்கல, சட்டம் போடல. ஆச இருக்கறத வெளிய காட்டுனா கண்ணுல படுவோம், கண்ணுல பட்டா சாக்கு தலய ஆட்டும். அத ஒரே காலையில இருநூறு பேரும் கத்துக்கிட்டாங்க. இப்ப நீங்க பென்சிலும் தாளுமா மேசைக்கிப் பின்னாடி ஒக்காந்து, ஒவ்வொருத்தரா வாங்க, இந்த ஆளு மனசுல என்ன ஆசன்னு கேக்கறீங்க. உங்களத் தப்பு சொல்லல. உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனா அந்த மேசயப் பாத்தா எங்காளுங்களுக்கு எது கவனம் வரும்? பக்கத்து நாக்காலியில வேற நான்.

ஆமா, யாரு அந்தச் சாக்குன்னு சனம் தேடிச்சு. அன்னைக்குத் தெடலுக்கு வராதவன் யாருன்னு பாத்தாங்க. செல்லப்பா கிராணி வரல. காச்ச, படுத்துக் கெடந்தாரு, ஆபீஸ் ஆளுங்க வர வேணான்னும் சொல்லியிருந்தாங்க. அன்னபூரணம்மா வீடு வீடாப் போயி, அவரு எந்திரிக்கவே முடியாமக் கெடந்தாரு, நானே கஞ்சி ஊட்டுனேன்னு சொல்லிச்சு. அந்தம்மா லயத்துப் பக்கமே வராத அம்மா தம்பி. வாசல்ல நின்னு அழுதுச்சு. ஒருத்தரும் நம்பல. பாயி விரிச்சுக் காத்துக்கிட்டிருப்பாரு அவரு, ஒரு புள்ள போவல. மூணு மாசம் பொறுத்தாரு. அப்புறம் பொட்டி படுக்கையோட கெளம்பிட்டாரு, கோலா பிலா பக்கம்னு கேள்வி. போறன்னைக்கி எங்கிட்ட மட்டும் வந்து கையக் குடுத்தாரு. நீயாவது நம்புறியா வீரமுத்துன்னு கேட்டாரு. நம்பறேன் ஐயான்னேன். அது மட்டும் பொய்யில்ல.

இல்ல தம்பி, நம்பறேன்னு சொன்னேன்ல, அதுக்குக் காரணம் இருக்கு. அந்தச் சாக்கு கோதும மாவுச் சாக்கு. ஒதறாம குடுத்துட்டாங்க. உள்ள மூச்சு விட்டா மாவு பறக்கும், தும்மல் வரும். தும்முனா கொரலு தெரிஞ்சு போயிருமேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டே ஒக்காந்திருக்கணும். ஓட்டயும் ஒழுங்கா வெட்டல, ஒரு கண்ணு வழியாத்தான் பாக்க முடியும்.

ஆமா.

மேல் டிவிசனுக்கு வேலயா அனுப்பியிருக்கோம்னு பேரு பண்ணிட்டாங்க, அதனால என்னைய யாரும் நெனைக்கல. முந்தின நாளு ஆபீசர் கூப்புட்டு, ஒனக்குத்தான் எல்லாரையும் தெரியும், உக்காருன்னாரு. மாட்டேன்னு சொல்லத் தெம்பில்ல. அது வரைக்கும் பயம், அத மன்னிச்சிரலாம். ஆனா ஒருத்தரையும் ஆட்டாம எந்திரிச்சு வந்திருக்கலாம் தம்பி. யாரும் என் கழுத்தப் புடிச்சு ஆட்டல. அரிசி குடுத்தவனுங்கள ஆட்டுனா காட்டுக்காரன் வந்து என்னைய மரத்துல கட்டுவான். நல்லசாமிக்காக எவன் வரப்போறான்? அந்தக் கணக்க நான் சாக்குக்குள்ள ஒக்காந்தே போட்டுட்டேன். ஒரு நிமிசம்கூட ஆவல. கணக்கு அது, ஆச வேற. அவன் எங்கயாவது போயிட்டா நல்லாருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச. முன்னுக்கு வரணுங்கற ஆச இல்லாதவன்தான் நான், ஆனா ஆசயே இல்லாதவன் இல்ல.

அவன் பாத்தான். ரெண்டாவது தடவ ஆட்டுனப்ப, தலயக் குனிஞ்சு கீழ பாத்தான். சாக்கு முட்டி வரைக்குந்தானே. இந்தா, இந்த எடது கால்ல, முட்டிக்கிக் கீழ, பாத்தீங்களா, இவ்வளவு சத இல்ல. சயாம்ல புண்ணு வந்து அழுகிப் போனது. தெனம் காலையில நல்லசாமிதான் ஒரு கரண்டியத் தீயில காட்டி, சீழையும் செத்த சதையையும் சொரண்டி எடுத்து, சுடுதண்ணி ஊத்திக் கட்டுவான். நான் வலி தாங்காம அவனக் கெட்ட வார்த்தையில திட்டுவேன். அம்பத்தோரு நாளு. கால வெட்டணும்னு வந்த டாக்டர்கிட்ட வேணாங்க, நான் பாத்துக்கிறேன்னு நின்னவன். இந்தக் கால அவனுக்குத் தெரியாதா?

கால மடக்கி உள்ள வெச்சுக்கணும்னுகூட எனக்குத் தோணல. பாத்துட்டு நிமிந்து ஓட்டயப் பாத்தான். என் கண்ணத்தான். அப்புறந்தான் திரும்பி பேட்டரியப் பத்தி சொன்னான்.

அங்கேருந்து கடுதாசி வரும். நீலாவதிக்குப் படிக்கத் தெரியாது, பொண்ணுங்களும் அப்ப சின்னதுங்க. செல்லப்பா போயிட்டாரு. யாரு படிப்பா, எங்கிட்டத்தான் கொண்டு வரும். அண்ணே, இத என்னன்னு பாருங்கன்னு குடுக்கும். திருச்சியில பஸ் பட்டறையில வேல, உடம்பு பரவால்ல, புள்ளைங்கள ஸ்கூல விட்டு நிறுத்தாத. எல்லாக் கடுதாசிலயும் கடைசில ஒரு வரி இருக்கும். வீரமுத்துவை நான் கேட்டதாகச் சொல்லவும். அவ்வளவுதான் இருக்கும். எட்டு கடுதாசி வந்துச்சு. எட்டுலயும் நான் அந்த ஒரு வரிய விட்டுட்டுப் படிச்சேன். மன்னிச்சு எழுதுனானா, மறக்கலடான்னு எழுதுனானா, இன்னும் எனக்குத் தெரியல. நாலு வருசமா கடுதாசி இல்ல. இருக்கானான்னே தெரியல.

நீலாவதிக்குத் தெரியுமா? அதுதான் தம்பி. நேத்து அந்தப் படத்த வெச்சுக்கிட்டு என்னைய அப்படிப் பாத்துச்சே, அதுலேருந்து எனக்குப் பயமா இருக்கு. முந்தியும் பாத்திருக்கு. ஆனா நேத்து ரொம்ப நேரம் பாத்துச்சு.

வேனு சத்தம் கேக்குதுல்ல? சரி, தாளுங்கள எடுத்துக்குங்க. அந்த வரிய அடிச்சிருங்க. அடிச்சுட்டு நான் இப்ப சொன்னத எழுதுங்க. லாரி, கோழி, மெசினு, ஸ்கூலு, எல்லாத்தையும். இந்தச் சனத்துக்குத் துடிப்பு இல்லன்னு ஒரு நாளும் எழுதிராதீங்க. நல்லசாமி பேரப் போடுங்க. செல்லப்பா கிராணி சாக்குல இல்லன்னும் எழுதுங்க, அந்த மனுசன் பேரு அப்படியே கெடக்கக் கூடாது.

என் பேரா? போடுங்க. வீரமுத்து, மண்டோர், ரெண்டாம் டிவிசன். நானே சொன்னேன்னு போடுங்க.

தம்பி... இல்ல, நில்லுங்க. சாக்குல யாருன்னு போட வேணாம். நீலாவதி மூத்த பொண்ணு இப்ப ஏழாவது படிக்குது. எதக் கண்டாலும் எடுத்துப் படிக்கிற புள்ள. ஒரு ஆளுன்னு மட்டும் போட்டுருங்க.